வெளிநாட்டுப் படிப்புக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடி, அப்பா எந்த வருஷம் ரிட்டயர் ஆகிறார்னு பாருங்க



ஒவ்வொரு வருஷமும் மே, ஜூன் வந்தால் என் போனில் ஒரே மாதிரி மெசேஜ் வரும். "அக்கா, ஒரு நெட்வொர்த் சர்ட்டிஃபிகேட் வேணும். கொஞ்சம் அர்ஜென்ட்." அனுப்புவது பெரும்பாலும் இருபத்தைந்து, இருபத்தாறு வயசில் ஒரு தம்பியோ தங்கையோ. சென்னையிலோ பெங்களூரிலோ ரெண்டு மூணு வருஷம் வேலை பார்த்தாச்சு, ஆஃபர் லெட்டர் வந்தாச்சு. குடும்பத்துக்கு எவ்வளவு சொத்து இருக்கு, சிஏ கையெழுத்தோடு கொடுங்க என்று வங்கியோ பல்கலைக்கழகமோ கேட்டிருக்கும்.

இந்த முறை முதல் மெசேஜ் பொங்கலுக்கே வந்துவிட்டது, அதுவும் எங்க ஊரிலிருந்து. நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவள். லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அந்தத் தம்பி அப்பாவோடு நேரிலேயே வந்தான். (யாரென்று தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இங்கிலாந்தில் ஒரு வருஷ எம்.எஸ்சி., செப்டம்பர் இன்டேக். அப்பா சுரங்கத்தில் 33 வருஷம் சர்வீஸ், 2027 ஜூனில் ஓய்வு.

சொத்து விவரம் எழுத நான் ஒரு ஃபார்ம் கொடுப்பேன். அப்பா அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தார். பிஎஃப் 31 லட்சம், எஃப்டி 6 லட்சம், எல்ஐசி சரண்டர் மதிப்பு 4 லட்சம், வடலூர் பக்கம் ஒரு கிரவுண்டு மனை 22 லட்சம், அம்மாவின் நகை 25 பவுன். கூட்டினால் முக்கால் கோடியைத் தாண்டும். "வீடு" என்ற வரியில் அவர் எழுதியிருந்தது: "டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்." மதிப்பு என்ற இடம் காலி.

"சார், இதை நான் போட முடியாது. இது கம்பெனி வீடு" என்றேன்.

"தெரியும்மா. ஆனா அந்த இடத்துல வேற என்ன எழுதறது?"

நான் கையெழுத்துப் போடும் சர்ட்டிஃபிகேட் ஒவ்வொன்றுக்கும் யூடிஐஎன் என்று ஒரு எண் எடுக்கணும். 2019 பிப்ரவரியிலிருந்து இது கட்டாயம். இல்லாத வீட்டை இருப்பதாகப் போட்டால் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான். அந்த வரியை அடித்தேன். அதன் பிறகு ரொம்ப நேரம் நாங்கள் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏன்னா இது அந்த ஒரு குடும்பத்தின் கதை மட்டும் கிடையாது.

நெய்வேலியைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1956-ல் லிக்னைட் கம்பெனி பதிவானது, அடுத்த வருஷம் சுரங்க வேலை தொடங்கியது. சுரங்கத்துக்காகச் சுற்றுவட்டாரக் கிராமங்கள் காலியாகி, வேலைக்கு வந்தவர்களுக்காக பிளாக் பிளாக்காக ஒரு ஊரே கட்டப்பட்டது. அகலமான ரோடு, வீட்டைச் சுற்றித் தோட்டம், ஸ்கூல், ஆஸ்பத்திரி எல்லாம் உள்ளேயே. சர்வீஸ் முடிந்ததும் குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுக்கணும். முப்பது வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்த பலா மரம் அடுத்து வருபவருக்கு. இதில் அநியாயம் ஒன்றும் இல்லை, விதியே அதுதான். எல்லாருக்கும் வேலைக்குச் சேர்ந்த அன்றே தெரியும். ஆனால் அறுபது வயசு வரைக்கும் வெளி வாடகை கொடுத்துப் பழக்கமே இல்லாத ஒருவருக்கு, வீடு ஒரு செலவு என்பது மனசில் பதிவதில்லை. பிள்ளைக்கு அதைவிடவும் பதிவதில்லை. பிறந்ததிலிருந்து "நம்ம வீடு" என்றால் அந்த வீடுதான்.

நீங்கள் நெய்வேலி இல்லை, ரயில்வே காலனி என்றாலும், போலீஸ் குவார்ட்டர்ஸ் என்றாலும், கல்பாக்கம் என்றாலும் கணக்கு இதேதான்.

சரி, கணக்குக்கு வருவோம்.

இங்கிலாந்து மாணவர் விசாவுக்கு முதல் வருஷ ஃபீஸில் கட்டியது போக மீதியும், தங்கும் செலவுக்குப் பணமும் இருப்பதைக் காட்டணும். லண்டனுக்கு வெளியே என்றால் மாதம் 1,171 பவுண்டு, அதிகபட்சம் 9 மாதத்துக்கு. அந்தப் பணம் உங்கள் கணக்கிலோ அப்பா அம்மா கணக்கிலோ தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருக்கணும். தம்பியின் கோர்ஸ் ஃபீஸ் 18,000 பவுண்டு. பவுண்டுக்கு 120 ரூபாய் வைத்தால் ஃபீஸ் 21.6 லட்சம், தங்கும் செலவு 12.6 லட்சம். ஹெல்த் சர்சார்ஜ் வருஷத்துக்கு 776 பவுண்டு வீதம், விசா காலம் முழுவதுக்கும் முன்கூட்டியே கட்டணும். மொத்தம் 36 லட்சத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இதில் 9 மாதம்தான் கணக்கு, 12 மாதம் சாப்பிடணும்.

அவன் பிளான் என்ன தெரியுமா? வங்கியில் 30 லட்சம் கடன், வடலூர் மனை அடமானம், அப்பா கோ-பாரோயர், மீதி 6 லட்சம் எஃப்டி-யை உடைத்து. பிஎஃப் பணம் வந்ததும் கடனில் ஒரு பெரிய பகுதியை அடைத்துவிடலாம் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. காலண்டரை வைத்துக்கொண்டு பார்த்தால்தான் சிக்கல் தெரியும்.

2026 செப்டம்பரில் கோர்ஸ் தொடங்குகிறது. 2027 ஜூனில் அப்பாவுக்குக் கடைசிச் சம்பளம், அதையொட்டி குவார்ட்டர்ஸ் காலி. செப்டம்பரில் கோர்ஸ் முடிகிறது. வழக்கமான வங்கிக் கடனில் படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவணை கேட்க மாட்டார்கள். ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். 11% என்று வைத்தால் 30 லட்சத்துக்கு மாதம் 27,500 ரூபாய். அதை யாராவது கட்டலாம், கட்டாவிட்டால் ரெண்டு வருஷ வட்டி 6.6 லட்சம் அசலோடு சேர்ந்து 36.6 லட்சம் ஆகும். பத்து வருஷத் தவணை மாதம் 50,400 ரூபாய். பத்து வருஷத்தில் கட்டி முடிப்பது 60 லட்சத்துக்கு மேல்.

அங்கேயே வேலை கிடைத்தால் இது பெரிய விஷயமில்லை. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஸ்கில்டு ஒர்க்கர் விசாவின் சம்பள வரம்பு வருஷத்துக்கு 33,400 பவுண்டு (பொது வரம்பு 41,700). 33,400-லேயே வரி போகக் கைக்கு மாதம் 2,300 பவுண்டு போல வரும். அதில் 420 பவுண்டு தவணை. இறுக்கமாக இருந்தாலும் முடியும். வேலை கிடைக்காமல் திரும்பி வந்தால்? படித்து முடித்தவர்கள் வேலை தேடத் தங்கும் கிராஜுவேட் விசா ரெண்டு வருஷமாக இருந்தது. 2027 ஜனவரி 1-லிருந்து விண்ணப்பிக்கும் பட்டதாரிகளுக்கு, பிஎச்.டி. தவிர, 18 மாதம்தான். தம்பி விண்ணப்பிக்கும்போது அந்தப் புது விதிதான் இருக்கும். கன்சல்டன்ட் கொடுத்த பிரவுச்சரில் இன்னும் ரெண்டு வருஷம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சென்னைக்குத் திரும்பி மாதம் 70,000 சம்பளத்தில் 50,400 தவணை கட்டுவது எப்படி என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இப்போது அப்பா பக்கம். பிஎஃப் 31 லட்சம், கிராஜுவிட்டி வரம்பு 20 லட்சம். லீவ் என்கேஷ்மென்ட் கொஞ்சம் வரும், அதை நகர்த்த, குடியேற என்று விட்டுவிடுவோம். ஆக 51 லட்சம். வடலூர் மனையில் 1,000 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,500 என்று வைத்தாலும் 25 லட்சம். மிச்சம் 26. அதை சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதத்துக்குப் போட்டால் மாதத்துக்கு 17,800 போல வரும். கூடவே இபிஎஸ் பென்ஷன். ஹயர் பென்ஷன் வராதவர்களுக்கு 15,000 ரூபாய் சம்பள வரம்பில்தான் கணக்கு, 35 வருஷ சர்வீஸுக்கே 7,500 ரூபாய். ரெண்டும் சேர்ந்து 25,000. கம்பெனி பென்ஷன் திட்டத்தில் ஏதாவது வந்தால் மேலே. ரெண்டு பேர் அடுத்த இருபத்தைந்து வருஷம் வாழ வேண்டிய தொகை இதுதான்.

"முக்கால் கோடி சொத்து" என்று சர்ட்டிஃபிகேட்டில் கம்பீரமாக நிற்கிற தொகைக்குள் இருப்பது இந்த ரெண்டு விஷயம்: ஒரு வீடு, மாதம் 25,000. பிள்ளையின் கடனுக்கு அதிலிருந்து 20 லட்சத்தை எடுத்தால் வீடு போகும், இல்லாவிட்டால் மாத வருமானம் போகும். மனையும் வங்கியில் இருப்பதால் அதன் மேல் வேறு கடன் வாங்கி வீடு கட்டவும் முடியாது. அறுபது வயசுக்கு மேல் ஹோம் லோன் கொடுக்க எந்த வங்கி வரிசையில் நிற்கிறது?

என் கருத்து இதுதான். அப்பாவின் பணத்தை விசாவுக்குக் காட்டலாம். காட்டுவதற்காகத்தான் அந்த விதியே பெற்றோர் கணக்கை அனுமதிக்கிறது. ஆனால் ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்குள் இருக்கிற, சொந்த வீடு இல்லாத அப்பாவின் பிஎஃப், கிராஜுவிட்டியை உங்கள் ஃபீஸுக்கோ கடனுக்கோ எடுக்கக் கூடாது. அவரே கொடுத்தாலும் வாங்கக் கூடாது. வீட்டுக்கென்று இருக்கும் ஒரே மனையையும் வீடு எழும்பும் முன் அடமானம் வைக்கக் கூடாது. இதனால் ஒரு இன்டேக் தள்ளிப்போகும் என்றால் தள்ளிப்போகட்டும்.

இதைச் சொன்னதும் தம்பி கேட்டது நியாயமான கேள்வி: "அக்கா, எங்க அப்பாவுக்கு நான் ஒரே பையன். அவருக்குச் செய்யறது நான்தானே. நான் நல்லா இருந்தா அவரும் நல்லா இருப்பாரு?" அவன் மனசு எனக்குப் புரிகிறது, அவன் செய்வான் என்றும் நம்புகிறேன். ஆனால் அவன் வருமானம் ஒரு வெளிநாட்டு அரசின் விசா விதியில் தொங்குகிறது. அந்த விதியை அடுத்த பட்ஜெட்டில், அடுத்த தேர்தலில் மாற்றுவார்கள். கனடாவைப் பாருங்கள். தங்கும் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை 2023 வரை 10,000 டாலர். 2024 ஜனவரியில் 20,635 ஆனது. 2025 செப்டம்பரில் 22,895. நம் பிள்ளைகள் பலர் போன எஸ்டிஎஸ் என்ற வேக வழியை 2024 நவம்பர் 8-ம் தேதி ஒரே நாளில் மூடினார்கள். ஆஸ்திரேலியாவில் விசா கட்டணம் மட்டும் ஒரே வருஷத்தில் 710 டாலரிலிருந்து 1,600, அடுத்த வருஷம் 2,000. அந்த ரிஸ்க்கை எடுக்க உங்களுக்கு வயசு இருக்கிறது, தோற்றால் ஐந்து வருஷத்தில் எழுந்துவிடுவீர்கள். அறுபது வயசில் அப்பாவுக்கு அந்த ஐந்து வருஷம் கிடையாது.

அப்பா அதுவரை பேசவே இல்லை. அப்புறம் மெதுவாக, "நம்ம பசங்க படிக்கணும்னுதானேம்மா சம்பாதிச்சது" என்றார். நெய்வேலியில் எந்த அப்பாவைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். அதனால்தான் இந்தக் கட்டுரையை அப்பாக்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். வேண்டாம் என்று அவர் சொல்ல மாட்டார். நீங்கள்தான் சொல்லணும்.

இடையில் ஒரு எச்சரிக்கை. "ஃபண்ட் காட்டித் தர்றோம்" என்று சில ஏஜென்ட்கள் சொல்வார்கள். 28 நாளைக்கு உங்கள் கணக்கில் பணம் போட்டுவிட்டு, கமிஷனோடு எடுத்துக்கொள்வார்கள். தயவு செய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். பொய்யான ஆதாரம் என்று இங்கிலாந்து முடிவு செய்தால் பத்து வருஷம் வரை விசா கிடைக்காது. இங்கே இன்கம் டேக்ஸ் பக்கமும் விடாது. எங்கிருந்து வந்தது என்று விளக்க முடியாத பணத்துக்கு மிகக் கடுமையான வரி. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போடலாம். இதில் மாட்டினவர்களுக்கு நோட்டீஸுக்குப் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

அப்புறம், உங்களுக்கே உரிய ஒரு விஷயம். படிப்புக் கடனின் வட்டிக்கு 80ஈ-யில் வரிச் சலுகை உண்டு, உச்சவரம்பு இல்லை, எட்டு வருஷம் வரை. கன்சல்டன்ட் இதைச் சொல்லி "வட்டி பாதி மிச்சம் சார்" என்பார். பழைய வரி முறையில்தான் அது உண்டு. 2023-24 நிதியாண்டு முதல் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறைதான் தானாக வரும், அதில் 80ஈ கிடையாது. வெளிநாட்டிலேயே தங்கி இந்தியாவில் வருமானம் இல்லை என்றால் எந்த வரியில் கழிப்பீர்கள்? ஆகவே 80ஈ-யை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஒரு நல்ல செய்தியும் உண்டு: வங்கிக் கடனிலிருந்து ஃபீஸ் அனுப்பினால் 2025 ஏப்ரல் முதல் டிசிஎஸ் பிடித்தம் இல்லை. சொந்தப் பணம் என்றால் வருஷத்துக்கு 10 லட்சம் வரை பிடித்தம் இல்லை.

மனையை வைக்காமல் கடன் கிடைக்குமா என்றால், கிடைக்கும், வட்டி அதிகமாக. வங்கிகளின் பொதுவான படிப்புக் கடன் திட்டத்தில் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்து கேட்பார்கள். நிதி நிறுவனங்கள் சொத்து இல்லாமலும் தரும். ஆனால் கோ-பாரோயரின் சம்பளத்தைப் பார்க்கும், படிக்கும்போதே வட்டி கட்டச் சொல்வதும் உண்டு. ஓய்வு பெறப்போகும் அப்பாவின் கையெழுத்துக்கு அங்கே மதிப்பு கம்மி. வேலையில் இருக்கும் அண்ணனோ அக்காவோ இருந்தால் கேளுங்கள், ஆனால் அவர்களுக்கும் இதே கணக்கைக் காட்டிவிட்டுக் கேளுங்கள். (கையில் இருக்கும் மனை அப்ரூவ்டா என்று முதலில் பாருங்கள். அன்அப்ரூவ்ட் மனைப் பதிவுக்கு 2016-ல் ஹைகோர்ட் தடை போட்டு, அடுத்த வருஷம் வரன்முறைத் திட்டம் வந்தது ஞாபகம் இருக்கும். வரன்முறை செய்யாத மனையைத் தூக்கிக்கொண்டு வங்கி வங்கியாக அலைந்தவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு.)

குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்கும் பட்டியல் சாதி மாணவர்கள் கடனுக்கு முன்னால் ஸ்காலர்ஷிப்பைப் பாருங்கள். மத்திய அரசின் நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப்பில் வருஷத்துக்கு 125 இடம். ஃபீஸும் தங்கும் செலவும் அதிலேயே வரும். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டமும் இருக்கிறது. நெய்வேலியில் ரெகுலர் வேலைக்காரர்களின் பிள்ளைகளை விட ஒப்பந்தத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்தான் இந்த வருமான வரம்புக்குள் வருவார்கள். அவர்கள் வரைக்கும் இந்தத் தகவல் போவதே இல்லை என்பது எனக்கு வருத்தம். உங்களுக்குத் தெரிந்த யாராவது இருந்தால் அனுப்பிவிடுங்கள்.

தம்பிக்கு நான் வைத்த மாற்று ரெண்டு. ஒன்று, அதே இங்கிலாந்து, ஆனால் ரெண்டு வருஷம் கழித்து. இப்போது கைக்கு 48,000 வருகிறது. ஊரில் வாடகை இல்லை, வீட்டுக்கு அனுப்ப வேண்டியதும் இல்லை. மாதம் 22,000 ஆர்டி போட்டால் ரெண்டு வருஷத்தில் அஞ்சேகால் லட்சம், வட்டி சேர்ந்தால் அஞ்சரையைத் தாண்டும். வெளிநாட்டுக் கடனுக்கு வங்கி கேட்கும் 15% மார்ஜின் 36 லட்சத்துக்குக் கிட்டத்தட்ட அதே தொகைதான். ஷேர், மியூச்சுவல் ஃபண்ட் என்று போகாதே, ரெண்டு வருஷப் பணத்துக்கு அது இடமில்லை என்றேன். அதற்குள் அப்பா வீட்டைக் கட்டி முடித்திருப்பார். அதன் பிறகு அந்த வீட்டை வைத்து அவன் கடன் கேட்டால் எனக்கு இவ்வளவு பயம் இல்லை. கொஞ்சம் பயம் இருக்கும்தான்.

இன்னொன்று ஜெர்மனி. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் டியூஷன் ஃபீஸ் இல்லை. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-லிருந்து நம்மைப் போன்ற வெளிநாட்டவரிடம் இன்னும் அதிகமாக வாங்குகிறது. விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ போடணும், யூரோ 105 ரூபாய் என்றால் 12.5 லட்சம். அது செலவாகிப் போகிற ஃபீஸ் கிடையாது, மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும். ரெண்டாம் வருஷத்துக்கு மறுபடி பணம் வேண்டும், பார்ட் டைம் வேலை வருஷத்துக்கு 140 முழு நாள் செய்யலாம். படிப்பு முடிந்தால் வேலை தேட 18 மாதம். மொத்தக் கடன் பாதிக்கும் கீழே வந்துவிடும். ஆனால் ஏபிஎஸ் சான்றிதழ் இல்லாமல் இந்திய மாணவர்களுக்கு விசா இல்லை, அதற்கே 18,000 ரூபாயும் சில வாரமும் ஆகும். மார்க் நன்றாக இருக்கணும், படித்த பாடத்தோடு ஒட்டிய கோர்ஸாக இருக்கணும், ஜெர்மன் படிக்காமல் வேலை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. "இங்கிலீஷ் கோர்ஸ்தான் அக்கா" என்றான். கோர்ஸ் இங்கிலீஷ், இன்டர்வியூ எடுக்கும் மேனேஜர் ஜெர்மன் என்றேன்.

அன்றைக்கு அவன் ஒன்றும் முடிவு சொல்லவில்லை, முகம் வாடித்தான் போனான். கூடப் படித்த மூணு பேர் ஏற்கெனவே போய், இன்ஸ்டாகிராமில் பனியில் நின்று போட்டோ போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவனுக்கு மட்டும் என்ன இது என்று இருந்திருக்கும். நான் சர்ட்டிஃபிகேட்டையும் கொடுத்துவிட்டேன். அது அவர்கள் உரிமை, கணக்கும் சரியாகத்தான் இருந்தது, வீடு இல்லாமல்.

போன வாரம் மெசேஜ் வந்தது. இங்கிலாந்து சீட்டை டிஃபர் பண்ணக் கேட்டிருக்கிறான், கூடவே ஏபிஎஸ்-க்கு டாக்குமென்ட் அனுப்பியிருக்கிறான். கடலூரில் சனி, ஞாயிறு ஜெர்மன் கிளாஸ் இருக்கிறதா என்று கேட்டான். அப்பா வடலூர் மனையில் போர் போட ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். தண்ணி எத்தனை அடியில் வரும் என்று பக்கத்து மனைக்காரர்களை எல்லாம் விசாரிக்கிறாராம்.